படிக்கப் போகிறவர்

படிக்கிற மாணவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் எங்கோ ஒரு மூலையில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தொந்தரவு செய்யாமல் கதவைச் சாத்திவிட்டு வருவோம். படிக்காத மாணவர்களைப் பற்றியும் பேச்சில்லை. அவர்கள் தூங்குகிறார்கள், தூக்கம் உடம்புக்கு நல்லது. நாம் பார்க்க வந்திருப்பது மூன்றாவது இனத்தை. படிக்கப் போகிறவர். இணையம் வருவதற்கு முன்பும் இவர் இருந்தார், ஆனால் பாவம், பென்சில் சீவுவதைத் தவிர அவருக்கு வேறு வசதி இல்லை. எவ்வளவு நேரம்தான் சீவ முடியும்? பென்சில் தீர்ந்துவிடும். இணையம் தீராது.

இவர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். படிக்கிறவரைவிட இவர் இரண்டு மடங்கு உழைக்கிறார்.

உதாரணத்துக்கு, வடக்கே ஒரு குளிர்நாட்டில், கால்மர் ஊரில் செவிலியர் படிப்புப் படிக்கும் டில்டாவை எடுத்துக்கொள்வோம். வயது இருபத்தொன்று. நாடித்துடிப்பு சீராக இருக்கிறது, பசி நன்றாக எடுக்கிறது, வேறு நோய் ஒன்றுமில்லை. மார்ச் மாதக் கடைசியில் அவளுக்கு மருந்துக் கணக்குத் தேர்வு. பதினைந்து கேள்விகள், பதினைந்தும் சரியாக வர வேண்டும்; பதினான்கு சரி என்றால் தோல்விதான். இது கொடுமை என்பார்கள் மாணவர்கள். கட்டிலில் படுத்து ஊசிக்குக் கையை நீட்டுகிற பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படியொன்றும் கொடுமையாகத் தெரியாது. இதில் தேறினால்தான் ஏப்ரலில் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகலாம். டில்டாவுக்குக் கிடைத்திருந்தது குழந்தைகள் வார்டு. வகுப்பில் நாற்பது பேர் ஆசைப்பட்டு, குலுக்கலில் மூன்றே பேருக்கு விழுந்த இடம். தேர்வு போனால் அந்த இடமும் போகும். மறுதேர்வு ஆகஸ்டில்தான், அதற்குள் வேறு யாராவது அங்கே குழந்தைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பார்கள். டில்டாவுக்கு அந்த வார்டு வேண்டும். நிஜமாகவே வேண்டும். பள்ளியில் படிக்கும்போதிலிருந்தே வேண்டும்.

அதனால்தான் மூன்று வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

காலை எட்டு மணிக்கு எழுந்து, திரையை விலக்கி, மேசையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, காபி வைத்து, மடிக்கணினியைத் திறந்து, "மருந்துக் கணக்கை எளிதாகப் படிப்பது எப்படி" என்று தேடுவாள். முதலில் வருகிற காணொளியில் ஒரு பெண், படிப்பதற்கு முன் குறிப்புகளை நிறவாரியாகப் பிரிக்க வேண்டும் என்பாள். சரி, நிறம் பிரிப்பது எப்படி என்று இன்னொரு காணொளி. அதில் வருகிறவர் நிறமெல்லாம் சும்மா, நேரத்தைப் பிரிப்பதுதான் முக்கியம் என்பார். நேரத்தைப் பிரிக்க ஒரு செயலி வேண்டும். செயலிகளில் எது நல்லது என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் சரியில்லை என்று கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர் சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டையில் நியாயம் யார் பக்கம் என்று டில்டா தீர்ப்புச் சொல்லி முடிக்கும்போது மெழுகுவத்தி பாதியாகியிருக்கும்.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் தனியாகப் படிக்க மனம் வராது. துணைக்கு ஒரு காணொளி போட்டுக்கொள்வாள். கொரியாவில் யாரோ ஒரு பெண் ஒரு வார்த்தை பேசாமல் நான்கு மணி நேரம் படிப்பாள். டில்டா அவள் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான்கு மணி நேரம் முடிந்ததும் டில்டாவுக்குக் கழுத்து வலிக்கும். நன்றாக உழைத்த களைப்பு இருக்கும். அந்தக் கொரியப் பெண் இந்நேரம் டாக்டராகியிருப்பாள்.

மாணவர் விடுதியில் எட்டு பேருக்குப் பொதுவான சமையலறையில் ஒருநாள் மெல்கர் தொத்திறைச்சி வதக்கிக்கொண்டிருந்தான். டில்டாவின் தாழ்வாரத்திலேயே மூன்றாவது அறை, அதே வகுப்பு. டில்டா கைபேசியைப் பார்த்தபடியே உள்ளே வந்தாள்.

"மெல்கர், கிச்சன்ல யாராவது இருக்கீங்களான்னு குரூப்ல கேட்டேனே, பாக்கலியா?"

"நான் கிச்சன்லதான்டி இருக்கேன். உன் முன்னாடிதான் நிக்கிறேன்."

"அதைக் குரூப்ல சொன்னா என்ன?"

மெல்கர் கரண்டியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இருக்கேன்" என்று விடுதிக் குழுவில் போட்டான். டில்டா அதற்கு ஓர் இதயம் போட்டாள். இருவருக்கும் திருப்தி.

"படிக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றான் அவன்.

"ஆரம்பிச்சாச்சு. ஆப் எல்லாம் செட் பண்ணிட்டேன். கலர் பிரிச்சாச்சு. டைம்டேபிள் மூணாவது தடவையா மாத்திட்டேன், இப்பதான் பாக்க நல்லாருக்கு."

"எத்தனை கணக்குப் போட்ட?"

"அது நாளைலேருந்து. நீ?"

"எனக்கு இன்னும் புக்கே வரலியே."

"ஆர்டர் பண்ணியா?"

"ஆன்லைன் கூடைல போட்டு வச்சிருக்கேன்."

இங்கே படிக்கப் போகிறவரின் உடற்கூற்றைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இவருக்கு ஒரு காரியத்தைச் செய்யும்போது வருகிற சுகம், அதைப் பற்றிப் பார்க்கும்போதே வந்துவிடுகிறது. அதைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லும்போது இரண்டு பங்காக வந்துவிடுகிறது. சுகம் வந்த பிறகு காரியம் எதற்கு? புண்ணுக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று அழகாகப் படம் வரைந்து சுவரில் மாட்டிவிட்டுப் போகிற மாதிரி. படம் நன்றாகத்தான் இருக்கும். புண்தான் கொஞ்சம் நாறும்.

டில்டா இந்த இனத்திலேயே உயர்ந்த ஜாதி: நினைவூட்டுகிறவள். அவர்கள் வகுப்பில் அறுபத்தைந்து பேர். அத்தனை பேரும் இருக்கும் குழுவுக்கு "ஊசிக்கூட்டம்" என்று பெயர். யாரும் அவளைச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளே ஆனாள். பனி பெய்தால் எந்தச் சாலை வழுக்குகிறது, நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது, எந்த ஆசிரியர் எந்தப் பக்கத்தை விட்டுவிட்டார், சலவை இயந்திரத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு வராமல் போனது யார் என்று எல்லாம் அவள் மூலமாகத்தான் உலகத்துக்குத் தெரியும்.

தேர்வு எழுத வேண்டுமானால் பத்து நாள் முன்பாகவே கல்லூரியின் இணையப் பக்கத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பொத்தான். ஒரே ஓர் அழுத்து. எளிதாக இருப்பதால்தான் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். டில்டா விடுவாளா? கடைசி நாள் காலையில் சிவப்புக் கடிகாரப் படம் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் நடுவில் எழுத்தைப் பொருத்தி, எழுத்தின் நிறம் பிடிக்காமல் மாற்றி, மாற்றியதும் பிடிக்காமல் பழையதற்கே வந்து, பதிவுப் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துக் குழுவில் போட்டாள். "மக்களே! இன்னிக்குத்தான் கடைசி! மறந்தா ஆகஸ்ட்தான்!"

கட்டைவிரல்கள் குவிந்தன. இதயங்கள் குவிந்தன. "பண்ணிட்டேன்", "ஐயோ, மறந்தே போயிருப்பேன்", "நீ இல்லன்னா நாங்கெல்லாம் என்ன ஆவோம்டி" என்று பதில்கள் வந்தன. டில்டா அதோடு நிறுத்தவில்லை. யார் யார் இன்னும் செய்தியைத் திறக்கவில்லை என்று பார்த்து, பதினொரு பேரைத் தனித்தனியாகப் பிடித்து எழுப்பினாள். மெல்கரின் அறைக்கதவைத் தட்டவில்லை; ஆறு முறை செய்தி அனுப்பினாள். மாலைக்குள் அறுபத்து நான்கு பேரும் "பண்ணிட்டேன்" சொல்லிவிட்டார்கள். டில்டா இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்றைத் தனக்குத் தானே பரிசளித்துக்கொண்டாள்.

எண்ணிப் பார்த்தீர்களா? அவள் எண்ணவில்லை.

தேர்வு நாள் காலை ஏழரை மணி. கடற்காற்று முகத்தில் அறைய, டில்டாவும் மெல்கரும் சைக்கிளில் தேர்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மெல்கர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டே கேட்டான்.

"எனக்கு நாப்பத்தொண்ணு. உனக்கு என்ன நம்பர்?"

"என்ன நம்பர்?"

"சீட்டு நம்பர்டி. பேர் குடுத்த உடனே மெயில்ல வந்துச்சே."

டில்டா கைபேசியை எடுத்தாள். மின்னஞ்சலைத் தேடினாள். குப்பைப் பெட்டியைத் தேடினாள். பிறகு கல்லூரியின் பக்கத்துக்குப் போனாள். "இந்தத் தேர்வுக்கான பதிவு முடிந்துவிட்டது" என்று சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தது.

"நான் போட்டேனே. நான்தானே போட்டேன்!"

"நீ குரூப்ல போட்ட," என்றான் மெல்கர்.

இப்படிப்பட்ட நேரத்தில் சாதாரண மனிதர் என்ன செய்வார்? பத்தடி தூரத்தில் கதவு திறந்திருக்கிறது, கதவருகே பெயர்ப் பட்டியலோடு ஓர் அம்மாள் நிற்கிறார், போய்க் கேட்பார். படிக்கப் போகிறவர் அப்படியெல்லாம் அவசரப்பட மாட்டார். டில்டா சுவரோரமாக ஒதுங்கி, "தேர்வுக்குப் பெயர் கொடுக்க மறந்துவிட்டால் என்ன செய்வது" என்று தேடினாள். ஒன்பது வருடம் முன்பு யாரோ இதே கேள்வியைக் கேட்டிருந்தார். கீழே ஒரே ஒரு பதில்: "எனக்கும் இதே பிரச்சினைதான், விடை தெரிந்தால் சொல்லுங்கள்." கல்லூரி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள், திங்கட்கிழமை வரை விடுப்பில் இருப்பதாக அது தானாகவே பதில் சொன்னது. கல்லூரிப் பக்கத்தின் மூலையில் சிரித்துக்கொண்டிருக்கும் இயந்திர உதவியாளரிடம் கேட்டாள். "வணக்கம்! சைக்கிள் நிறுத்துமிடம் பற்றிக் கேட்கிறீர்களா?" என்றது அது. இல்லை என்றாள். "மகிழ்ச்சி! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

ஊசிக்கூட்டத்தில் மட்டும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்?

பதினேழு நிமிடம் போனது. டில்டா இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் வார்டு கண்முன்னே ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டிருந்தது.

"அந்த அம்மாகிட்டப் போய்க் கேளேன்டி," என்றான் மெல்கர்.

"நேர்லயா?"

"ஆமா. வாயால."

கதவருகே நின்றவர் பெயர் குன்வோர். முப்பத்தெட்டு வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி உட்காரவைத்து, சாய்த்துப் படுக்கவைத்து ஓய்வு பெற்றவர். இப்போது தேர்வுகளில் கண்காணிப்பாளராக இருக்கிறார். அவர் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"உன் பேர் இல்லியேம்மா."

"அம்மா, எல்லாருக்கும் ஞாபகப்படுத்தினதே நான்தான்!"

"ஓ, அது நீதானா? எப்பவும் பத்துப் பதினஞ்சு பேர் மறந்துடுவாங்க, சீட்டு காலியாக் கெடக்கும். இந்தத் தடவை என்ன அதிசயம், லிஸ்ட்டு முழுசா ரொம்பி வழியுதேன்னு நெனச்சேன்."

"இப்ப நான் என்ன பண்றது?"

"அந்த பெஞ்சுல உக்காரு. எட்டரைக்குக் கதவைத் திறப்பேன். யாராவது வராம இருந்தா அந்த எடத்துல உக்காரலாம். போனை அணைச்சுப் பையில போட்டுடு. பையை இங்க குடு. அழுகை வந்தா அப்படிப் போயி அழுதுட்டு வா, கழிப்பறை இடப்பக்கம்."

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவன் கால்நீட்டி உட்கார்ந்திருந்தான். சிக்ஸ்டன். மேல்வகுப்பில் படிப்பவன், இந்தத் தேர்வை மட்டும் நான்காவது முறையாக எழுத வந்திருப்பவன்.

"நீயும் பேர் குடுக்கலியா?" என்றாள் டில்டா.

"நான் என்னிக்குக் குடுத்திருக்கேன்? ரிமைண்டர் வச்சிருந்தேன். அது அடிச்சுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு அடின்னு தள்ளி வச்சேன். அப்படியே ரெண்டு வாரம் தள்ளிட்டேன். இது என் பெஞ்சு. எப்பவும் ஒரு சீட்டாவது காலியாவும், கவலைப்படாத." சொல்லிவிட்டு யோசித்தான். "எனக்கு ஒண்ணு. நீ ரெண்டாவதா வந்த."

எட்டு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. அறுபத்து நான்கு நாற்காலிகளில் அறுபத்து மூன்று நிரம்பியிருந்ததைக் கதவின் கண்ணாடி வழியாக இருவரும் எண்ணினார்கள். ஒன்றுதான் காலி. அதுவும் சிக்ஸ்டனுக்கு. டில்டாவின் கை பையைத் தேடியது. பை இல்லை. மடியைத் தேடியது. மடியில் ஒன்றும் இல்லை. எதிரே வெள்ளைச் சுவர். சுவரில் தொட்டு நகர்த்த எதுவுமில்லை.

மூன்று நிமிடம் தாங்கினார்கள்.

"ஏதாவது கேளு," என்றாள் டில்டா. "இல்லன்னா நான் கத்திடுவேன்."

"ஆயிரம் மில்லி. எட்டு மணி நேரத்துல ஏத்தணும். மில்லிக்கு இருபது சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை?"

டில்டா உள்ளங்கையில் விரலால் எழுதினாள். "நானூத்திப் பதினேழு."

"அடிப்பாவி! அது சொட்டு இல்லடி, குழாயைத் திறந்து விட்டிருக்க. ஆளு மிதந்துடுவான்."

டில்டா மறுபடி எழுதினாள். தசமப் புள்ளி எங்கே போயிருக்கிறது என்று முதல் முறையாகத் தேடினாள். ஏனென்றால் அதைத் தேடித் தருவதற்கு வேறு யாரும் இல்லை. "நாப்பத்தி ரெண்டு."

"இப்ப பொழைச்சுக்குவான். அடுத்தது நீ கேளு."

எட்டரைக்குள் பதினொரு கணக்குகள் போட்டார்கள். மூன்று வாரத்தில் டில்டா போட்டது நான்கு. அதில் இரண்டு, காணொளியில் ஒருவர் போட்டதைப் பார்த்து எழுதியது.

சரியாக எட்டரைக்கு குன்வோர் கதவைத் திறந்து சிக்ஸ்டனைப் பார்த்து விரலை ஆட்டினார். அவன் எழுந்து போனான். டில்டா பெஞ்சில் தனியாக இருந்தாள். கதவு சாத்தப்போன நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவன் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மெல்கர்.

"என்னடா ஆச்சு?"

"வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வந்துட்டேன். முதல் கேள்வியே புரியல."

"அப்புறம் எதுக்குடா பேர் குடுத்த?"

"நீதானடி ஆறு மெசேஜ் போட்ட, பேர் குடு பேர் குடுன்னு. படின்னு ஒண்ணாவது போட்டியா?"

குன்வோர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாப்பத்தொண்ணு காலி. வர்றியாம்மா, இல்ல அதையும் யாரையாவது கேக்கணுமா?"

டில்டா ஓடினாள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. பதினைந்தும் சரி. சிக்ஸ்டனும் தேறிவிட்டான். மெல்கர் ஆகஸ்டுக்குத் தயாராகிறான். புத்தகம் இன்னும் கூடையில்தான் இருக்கிறது. டில்டா குழந்தைகள் வார்டுக்குப் போகிற முதல் நாளுக்கு முந்தைய மாலை, ஊசிக்கூட்டத்தில் ஒரு நீளமான பதிவு போட்டாள். "மருந்துக் கணக்கில் முழு மதிப்பெண் எடுக்க ஏழு வழிகள்." முதல் வழி, நல்ல செயலி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, நிறம் பிரிப்பது. மெழுகுவத்திக்கும் ஓர் இடம் இருந்தது. பெஞ்சுக்கு இல்லை. ஐம்பத்தெட்டு இதயங்கள் விழுந்தன. முதல் இதயம் மெல்கருடையது. பின்னால் படிக்கலாம் என்று அதைச் சேமித்தும் வைத்துக்கொண்டான்.

சிரிக்கிறீர்கள். இப்படி ஒரு பெண்ணோ பையனோ உங்கள் வீட்டிலேயே இருப்பதால் வருகிற சிரிப்பு அது. இதை இப்போதே அவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று விரல் துடிக்கிறது. அனுப்புங்கள், யார் தடுத்தது? போன மாதம் இடுப்பு வலிக்குத் தினமும் செய்ய வேண்டிய ஐந்து பயிற்சிகள் என்று ஒரு காணொளியை மூன்று பேருக்கு அனுப்பினீர்கள் அல்லவா? அவர்களில் ஒருவர் தவறாமல் செய்து, வலி போய்விட்டதென்று உங்களுக்கு நன்றிகூடச் சொன்னார். ரொம்ப சந்தோஷம். இப்போது நீங்கள் கொஞ்சம் எழுந்து நின்று, முட்டியை மடக்காமல் குனிந்து, கால் கட்டைவிரலைத் தொடுங்கள் பார்ப்போம்.